பதினொரு கைப்பைகள்

பிப்ரவரி 9

அன்புள்ள சின்னவளுக்கு,

சைக்கிள் சங்கத்தின் வரலாற்று நூல் ஒருவழியாக மெய்ப்பு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டது. ஐந்தாம் அத்தியாயத்தை மட்டும் இத்துடன் அனுப்புகிறேன். ‘மகளிரும் மிதிவண்டியும்’ என்பது தலைப்பு. ‘பெண்களும் சைக்கிளும்’ என்று வைக்கலாமா என ஒரு வாரம் யோசித்தேன். செயலாளர் முகத்தைச் சுளித்ததும் விட்டுவிட்டேன்.

நீ இதைப் படித்துப் பார்க்க வேண்டும். ஆவணக் காப்பகத்தில் வேலைக்காலம் முழுக்கத் தாளோடு தாளாகக் கிடந்தவன் நான். நீயோ கடை வைத்துச் சைக்கிளைப் பிரித்துக் கோக்கிறவள். நான் எங்காவது செயினைப் பற்றியோ பல்சக்கரத்தைப் பற்றியோ உளறியிருந்தால் பென்சிலால் கோடு போட்டு அனுப்பு. பேனா வேண்டாம்.

உலக வரலாற்றுப் பகுதி சுமாராக வந்திருப்பதாக எனக்கே ஓர் எண்ணம். நூறு வருடங்களுக்கும் முன்னால் மருத்துவர்கள் ‘சைக்கிள் முகம்’ என்று ஒரு நோயையே கண்டுபிடித்தது, பெண் சைக்கிள் ஓட்டினால் கண் பிதுங்கும், தாடை இறுகும் என்று பயமுறுத்தியது, நீளப் பாவாடையை விட்டுக் கால்சட்டைக்கு மாறியவளுக்கு ஓட்டலில் சாப்பாடு போட மறுத்தது, பெண்களுக்குப் பட்டம் கொடுக்கக் கூடாதென்று சண்டை போட்ட மாணவர்கள் சைக்கிள் ஓட்டும் பெண் பொம்மையைத் தெருவில் தொங்கவிட்டது, வாக்குரிமை கேட்ட பெண்கள் கூட்டத்துக்குக் கூட்டம் சைக்கிளிலேயே போனது, எல்லாவற்றுக்கும் அடிக்குறிப்பு கொடுத்திருக்கிறேன்.

நம் ஊரைப் பொறுத்தவரை, சங்கப் பதிவுகளின்படி முதல் மகளிர் பந்தயம் இருபது வருடங்களுக்கு முன் நடந்ததாகத் தொடங்குகிறேன். இந்த இடத்தில் உனக்கு வேறு நினைவு வரலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. நேரில் சொல்கிறேன். நேரில் வாய் வராவிட்டால் எழுதுகிறேன்.

உன் அக்கா இருந்திருந்தால் படித்துவிட்டு, “இதுல ஒரு ஆளுக்காவது வேர்க்குதா பாருங்க” என்று கேட்டிருப்பாள்.

அன்புடன்,
அத்தான்


பிப்ரவரி 14

தொகுப்பாசிரியர் அவர்களுக்கு,

அத்தான் என்று எழுதக் கை வரவில்லை. அதனால் புத்தகத்தில் உங்களுக்கு இருக்கும் பட்டத்தையே போட்டுவிட்டேன்.

செயினைப் பற்றி ஒன்றும் உளறவில்லை. செயின் சரி. பல்சக்கரம் சரி. எங்கேயோ கடல் தாண்டி ஓட்டலில் சோறு மறுக்கப்பட்டவளுக்கு அடிக்குறிப்பு இருக்கிறது. தெருவில் தொங்கிய பொம்மைக்குக்கூட அடிக்குறிப்பு இருக்கிறது. உங்களோடு அத்தனை வருடம் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தியவளுக்கு ஒரு வரி இல்லை.

முதல் பந்தயம் இருபது வருடத்துக்கு முன்பா? அப்படியென்றால் அதற்கும் முப்பது வருடத்துக்கு முன்னால் ஏரியைச் சுற்றி நாங்கள் பதினொரு பேர் ஓட்டினோமே, அது என்ன? கனவா? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாலாம் போர்டில் உட்கார்ந்து இணைப்புக் கொடுத்த என் அக்கா முதலாவதாக வந்தாளே, அவள் யார்? செயின் கழன்று, முட்டி பேர்ந்து, மூன்றாவதாக வந்தேனே நான்? அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. வேண்டுமானால் அதற்கு ஒரு அடிக்குறிப்பு போடுங்கள்.

நீங்கள் எங்கே இருந்தீர்கள்? எல்லைக் கோட்டில். பதினொரு பேருடைய கைப்பையையும் இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு துணிக்கடைப் பொம்மை மாதிரி நின்றீர்கள். எங்களோடு ஓட்ட வந்த ஆஸ்பத்திரி நர்சுகளுக்குச் சிரித்துச் சிரித்து ஓட்டவே முடியவில்லை. உங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. “பாவம்டீ உங்க வீட்டுக்காரர்” என்று ஒருத்தி கேலி செய்ததற்கு, “அவர் கண்ணு ரெண்டும் என் சக்கரத்துலதான் இருக்கும் பாரு” என்று அக்கா பீற்றிக்கொண்டாள். அந்தக் கண்தான் இன்று ஒன்றும் பார்க்கவில்லை என்கிறது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அது உங்களுக்குத் தெரியுமா, தெரிந்தும் சொல்லவில்லையா, தெரியவில்லை. புதுப் பந்தயத் தடம் மார்ச் கடைசி ஞாயிறு திறக்கிறார்களே, அன்றைக்கு ஐம்பது வருட வரலாறு உள்ள பந்தயங்களுக்கு மட்டும்தான் இடமாம். ஆண்கள் பந்தயத்துக்கு உண்டு. பெண்கள் பந்தயத்துக்கு இல்லை. சங்கத் தலைவர், அதுதான் நம் வெள்ளைத் தொப்பி, எனக்கு அனுப்பிய தாளில் ‘ஐந்தாம் அத்தியாயத்தின்படி’ என்று இருக்கிறது. உங்கள் ஐந்தாம் அத்தியாயம், ஐயா.

என்னிடம் சைக்கிள் பந்தயம் பழகும் பெண்கள் ஒரு வருடமாக இருட்டோடு எழுந்து ஓட்டுகிறார்கள். ரொட்டிக்கடையில் வேலை செய்கிறவள் மாவைப் பிசைந்து வைத்துவிட்டு வருகிறாள். “ஏன் பெரியம்மா, நமக்கு இடம் இல்லையாம்?” என்று கேட்டாள். “எங்க அத்தான் புத்தகம் எழுதியிருக்காருடீ” என்றேன்.

சின்னவள்


பிப்ரவரி 20

அன்புள்ள சின்னவளுக்கு,

அந்தத் தாளைப் பற்றி எனக்குத் தெரியாது. இதை நீ நம்ப வேண்டும். என் அத்தியாயத்தை எடுத்து இப்படிப் பயன்படுத்துவார்கள் என்று தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் செய்திருக்க மாட்டேன் என்றுதான் நீ நினைப்பாய்.

என் காரணத்தைச் சொல்கிறேன். எழுத்தில் இரண்டு சான்று இல்லாத எதையும் நூலில் சேர்ப்பதில்லை என்று தொடக்கத்திலேயே ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒருவர் சொன்னார், இன்னொருவர் கேட்டார் என்று எழுதப் புகுந்தால் வரலாறு வம்பளப்பாகிவிடும். அந்தப் பந்தயத்துக்குச் சங்கத்தில் முடிவு அறிவிப்பு இல்லை, நேரக் குறிப்பு இல்லை. அந்த மாதத்துச் செய்தித்தாள்கள் முழுவதையும் புரட்டினேன். அந்த வாரம் விவசாயக் கண்காட்சியில் பரிசு வாங்கிய பூசணிக்காயின் படம் இருக்கிறது. பந்தயம் இல்லை.

நான் பார்த்தேன்தான். ஆனால் நான் யார்? வெற்றி பெற்றவளின் கணவன். எழுதுகிறவனும் நான், சாட்சியும் நான், சம்பந்தப்பட்டவனும் நான் என்றால் யார் ஏற்பார்கள்? பெண்டாட்டி பெருமை பாடுகிறான் என்று ஒரே வார்த்தையில் முழு நூலையும் ஒதுக்கிவிடுவார்கள். அவளுடைய பெயருக்கு அந்த இழுக்கு வரக் கூடாதென்றுதான் விட்டேன். ‘இதற்கு முன்பும் மகளிர் சிலர் ஓட்டியதாக வாய்மொழிச் செய்திகள் உண்டு’ என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

முட்டி இப்போதும் வலிக்கிறதா?

அத்தான்


பிப்ரவரி 24

அத்தானுக்கு,

வாய்மொழிச் செய்தி! அக்கா வாய்மொழிச் செய்தியாகிவிட்டாள். உங்களுக்குச் சமைத்துப் போட்டதும் வாய்மொழிச் செய்திதானா?

உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். கையில் இருந்த ஸ்பேனரைச் சுவரில் எறிந்தேன். காரை பேர்ந்துவிட்டது.

எழுத்தில் ஏன் இல்லை என்று கேட்டீர்களா, இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது? நான் சொல்கிறேன். எக்ஸ்சேஞ்சில் ராத்திரி ஷிப்டு பார்க்கிற பெண்களை அப்பனோ அண்ணனோ புருஷனோ வந்து கூட்டிப்போக வேண்டும் என்று விதி. ஆள் வராதவளுக்கு ராத்திரி வேலை கிடையாது. சைக்கிளில் போய்க்கொள்கிறோம் என்றால், எக்ஸ்சேஞ்சு டாக்டர் பெண்களுக்குச் சைக்கிள் ஆகாது, கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று எழுதிக் கொடுத்தார். ஏரியைச் சுற்றி ஓட்டிக் காட்டுகிறோம், அப்புறம் எது இறங்குகிறது என்று பார்க்கலாம் என்றாள் அக்கா. அதற்குத்தான் பந்தயம்.

நேரம் குறிக்க ஆள் வேண்டுமே என்று அக்காவும் நானும் சங்கத்துக்குப் போனோம். வெள்ளைத் தொப்பியின் அப்பா, உங்கள் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் ‘நிறுவனர்’ என்று வருகிறவர், மேசைமேல் ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரித்த முகம். எங்களுக்கு நாற்காலிகூடப் போட்டார்.

“நேரம் பாத்தா அது பந்தயம் ஆயிடும்மா. நேரம் பாக்காம ஓட்டுங்க. உலான்னு வெச்சுக்கலாம்” என்றார்.

“உலான்னா டாக்டர் ஒத்துக்க மாட்டாருங்க” என்றாள் அக்கா.

“அது உங்களுக்கும் டாக்டருக்கும். எங்க வாட்ச் வராது.”

அதனால் நேரம் இல்லை. நேரம் இல்லாததால் முடிவு இல்லை. முடிவு இல்லாததால் செய்தி இல்லை. செய்தி இல்லாததால் நாங்கள் இல்லை. அப்பா வாட்சைக் கொடுக்கவில்லை. மகன், நேரம் எங்கே என்று கேட்கிறான். நடுவில் நீங்கள் உட்கார்ந்து அடிக்குறிப்பு போடுகிறீர்கள்.

ஓட்டி முடித்த அடுத்த வாரமே எக்ஸ்சேஞ்சு வாசலில் பெண்களுக்குச் சைக்கிள் நிறுத்த இடம் ஒதுக்கினார்கள். யாரும் வந்து கூட்டிப்போக வேண்டியதில்லை என்றானது. நீங்களும் உங்கள் மாமனாரும் மாறி மாறித் தூக்கம் கெட்டுப் போய் நின்றது அதோடு நின்றது. அந்தத் தூக்கத்தையாவது நினைத்துப் பார்த்திருக்கலாம்.

சொல்வதற்கு ஏதாவது இருந்தால் மட்டும் இனி எழுதுங்கள். முட்டியை விசாரிக்க வேண்டாம்.

சின்னவள்


மார்ச் 8

சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்த பிறகு பல நாட்கள் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் என் விதிக்கு ஆதரவாக வாதம் செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு வாதமும் நன்றாகத்தான் இருந்தது. படித்துப் பார்த்தால் எல்லாம் அந்த நிறுவனர் குரலில் இருந்தது.

பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். நூலை முதல் பக்கத்திலிருந்து எடுத்து, ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு சான்று இருக்கிறதா என்று பார்த்தேன். ஆண்கள் அத்தியாயங்களுக்கும்.

மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு சம்பவம் இருக்கிறது. நிறுவனர் இளவயதில் பெடல் ஒடிந்த பிறகும் ஒற்றைப் பெடலிலேயே ஏரியைச் சுற்றி வந்து வென்ற கதை. ஊருக்கே தெரியும். புதுத் தடத்துக்கு அவர் பெயரை வைக்கப்போவதும் அந்தக் கதைக்காகத்தான். அதற்கு என்ன சான்று? தம் அறுபதாவது பிறந்த நாளில் அவரே பேசிய பேச்சு. அதை எழுதி வைத்தவர் அவருடைய மகன். நேரக் குறிப்பு இல்லை. முடிவு அறிவிப்பு இல்லை. செய்தித்தாளும் இல்லை. சொன்னவரும் அவர்தான், சம்பந்தப்பட்டவரும் அவர்தான்.

அதை நான் ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை, சின்னவளே. படித்தேன், எழுதினேன், அடுத்த பக்கம் போனேன். என் மனைவியை என் கண்ணால் பார்த்தும் சந்தேகப்பட்டேன். இதை எழுதும்போது பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்துவிட்டது. முதுமை என்று நினைத்தேன். இல்லை. கோபம் எனக்கு இப்படித்தான் வருகிறது போலிருக்கிறது. பழக்கமில்லாததால் அடையாளம் தெரியவில்லை.

ஒற்றைப் பெடல் கதையைக் கோடு போட்டு அடித்துவிட்டு, திருத்திய பக்கங்களைச் செயற்குழுவுக்கு எடுத்துப்போனேன். வெள்ளைத் தொப்பி கண்ணாடியை மாட்டிப் படித்தார்.

“என்ன சார் இது? எங்கப்பாவைக் காணோம்?”

“ரெண்டாவது சான்று இல்லைங்க.”

“ஊரே சொல்லுது சார்!”

“வாய்மொழிச் செய்திங்க அது” என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை.

என் மனைவி வென்ற பந்தயத்தையும் இதே விதியால்தான் விட்டேன் என்று சொன்னேன். பொருளாளர் இருமினார். செயலாளர் என் தோளில் கை வைத்து, “வயசான காலத்துல எதுக்கு சார் இந்த வம்பெல்லாம்?” என்றார். வெள்ளைத் தொப்பி சிரித்தார். அவர் அப்பாவின் அதே சிரித்த முகம்தான், நீ எழுதியிருந்தாயே. “புரியுது சார். வீட்டம்மா ஞாபகம். வேணும்னா அவங்களப் பத்தித் தனியா ஒரு சின்னப் புத்தகம் போடுங்க. செலவ நானே ஏத்துக்கறேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரித்துவிடுவேன்.

விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். தடத்துக்குப் பெயர் வைக்கும் விண்ணப்பத்தோடு இந்த நூலையும், தொகுத்தவன் என்ற முறையில் என் கையெழுத்தையும் நகராட்சி கேட்டிருக்கிறது. அதனால் என்னைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாமல் ஒரு வாரம் தவணை கேட்டிருக்கிறார்கள். நேற்று செயலாளர் வீட்டுக்கே வந்தார். அவர்கள் கதையும் இருக்கட்டும், உங்கள் கதையும் இருக்கட்டும் என்கிறார். பெண்களுக்கும் அன்று இடம் கொடுத்துவிடுவார்களாம். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. என்ன சொல்லட்டும்?

அத்தான்


மார்ச் 12

அத்தானுக்கு,

வாய்மொழிச் செய்திங்க அது! கடையில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ரொட்டிக்கடைக்காரி கைதட்டினாள். கைதட்டினது அவள்தான், நான் இல்லை.

என்ன சொல்ல என்று என்னைக் கேட்கிறீர்கள். இடம் கிடைத்தால் என் பெண்கள் ஓட்டலாம். ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் அந்த ஆசையோடேயே பஞ்சர் ஒட்டினேன். ஒட்டியதெல்லாம் கழன்று வந்தது.

அப்புறம் யோசித்தேன். ஒற்றைப் பெடலில் ஏரிக்கரை மேட்டை ஏறவே முடியாது. நம்பாவிட்டால் வெள்ளைத் தொப்பியை என் கடைக்கு வரச் சொல்லுங்கள், ஒரு பெடலைக் கழற்றித் தருகிறேன். அது பொய் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்தப் பொய்யை விட்டுவைத்தால் எங்கள் உண்மையை விட்டுவைப்பார்களாம். இது என்ன சந்தைக்கடையா? நாளைக்கே யாராவது, “ரெண்டும் கதைதானே” என்று சொல்வான். அப்போது அக்காவும் ஒற்றைப் பெடலும் ஒன்றாகிவிடுவார்கள்.

அக்காவை அந்த ஆளுக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். அன்றைக்கு அவர் போட்ட நாற்காலியிலேயே அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டேதான் பேசினாள்.

இடம் போனால் போகட்டும். பெண்களிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். எப்படிச் சொல்வேன் என்று கேட்காதீர்கள்.

சின்னவள்


மார்ச் 18

அன்புள்ள சின்னவளுக்கு,

முடிந்துவிட்டது. நடந்தபடி சொல்கிறேன்.

பேரம் வேண்டாம் என்றேன். அதற்குப் பதிலாக இரண்டு பத்திகளை எழுதி எடுத்துப்போயிருந்தேன். முதல் பத்தி: நிறுவனர் ஒற்றைப் பெடலில் வென்றதாக அவரே கூறியிருக்கிறார், வேறு சான்று இல்லை. இரண்டாம் பத்தியை நான் நின்றுகொண்டு வாசித்தேன். உட்கார்ந்து வாசிக்கத்தான் நினைத்திருந்தேன். உன் கடிதம் ஞாபகம் வந்தது.

‘ஐம்பது வருடங்களுக்கு முன், தொலைபேசி நிலையப் பெண்களும் செவிலியரும் பதினொருவர் ஏரியைச் சுற்றிச் சைக்கிள் பந்தயம் ஓட்டினார்கள். இரவில் தனியாக வீடு திரும்பும் உரிமைக்காக அதை ஓட்டினார்கள். நேரம் குறிக்க ஆள் அனுப்பச் சங்கம் மறுத்தது. நாலாம் போர்டில் பணியாற்றியவர் முதலாவதாக வந்தார். நான் பார்த்தேன். நான் அவருடைய கணவன். எல்லைக் கோட்டில் பதினொரு கைப்பைகளையும் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.’

நூல் முழுவதும் தேடினாலும் ‘நான்’ என்ற சொல் வேறெங்கும் கிடையாது. அந்தச் சொல்லை எழுத ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆனது.

“கைப்பையா!” என்று பொருளாளர் சிரித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வெள்ளைத் தொப்பி மட்டும் சிரிக்கவில்லை. தாளை வாங்கி மடித்து என் சட்டைப் பையிலேயே செருகி, “வெச்சுக்குங்க. எங்க புத்தகத்துல இது வராது” என்றார். அவர் தங்கை மகன் எழுதிக் கொடுப்பானாம். நகராட்சிக்கு அவன் கையெழுத்தே போதுமாம். பெண்கள் பந்தயம் கிடையாது.

அப்போதுதான் நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று சரியாக நினைவில்லை. “வாட்சைக் குடுத்திருக்கணும்யா உங்கப்பா!” என்றது மட்டும் நினைவிருக்கிறது. யாரையும் நான் ‘யா’ என்று கூப்பிட்டதில்லை. தேநீர் கொண்டுவந்தவர் கதவருகிலேயே நின்றுவிட்டார். என் பக்கங்களை அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியில் கொஞ்சம் காற்றில் பறந்துபோனது. பொறுக்கவில்லை. மூன்றாம் அத்தியாயமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

இன்னும் தணியவில்லை. கதவுகளைச் சாத்தும்போது தேவைக்கு மேல் சத்தம் வருகிறது. உன் அக்கா இருந்திருந்தால் கதவைக் கழற்றி வைத்திருப்பாள்.

என்னால் உன் பெண்களுக்கு இருந்த ஒரு வாய்ப்பும் போனது. சரியாகத்தான் செய்தேனா என்று இப்போதும் தெரியவில்லை.

அத்தான்


மார்ச் 22

அத்தானுக்கு,

வாய்ப்பைக் கெடுத்தது நீங்கள் இல்லை. இனி ஒரு தடவை அப்படி எழுதினால் அடுத்த ஸ்பேனர் உங்கள் பக்கம் வரும்.

பெண்களிடம் சொன்னேன். அழுவார்கள் என்று நினைத்தேன். ரொட்டிக்கடைக்காரி, “ஏரி அங்கேயேதான இருக்கு பெரியம்மா?” என்று கேட்டாள்.

ஏரி அங்கேயேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தடத்தைத் திறக்கிற அதே காலையில் நாங்கள் ஏரியைச் சுற்றி ஓட்டுகிறோம். அக்கா ஓட்டிய அதே தூரம், ஒரு முழம்கூடக் குறையாமல். எப்படியோ செய்தி பரவி, துணிமில்லிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் பேர் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கடையில் இருந்த டியூப் எல்லாம் தீர்ந்துவிட்டது. நானும் ஓட்டுகிறேன். முட்டி வலிக்கிறது. நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன்.

சங்கம் தன் ஆட்கள் யாரும் எங்களுக்கு நேரம் குறிக்கக் கூடாதென்று உத்தரவு போட்டிருக்கிறது. அதே சங்கம், அதே வாட்ச், அதே வார்த்தை. “உலா போறவங்களுக்கு எதுக்கு நேரம்?” என்று வெள்ளைத் தொப்பி சொன்னானாம். அப்பனிடமிருந்து அதை மட்டும் அட்சரம் பிசகாமல் படித்திருக்கிறான்.

ஒரு வாட்சுக்காக நான் வாழ்க்கையில் ஒரு தடவை ஒருவர் முன்னால் போய்க் கேட்டுவிட்டேன். இரண்டாவது தடவை யாரையும் கேட்பதாக இல்லை.

சின்னவள்


மார்ச் 26

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ கேட்கவில்லை. நான் வருகிறேன்.

கடைத்தெருவில் இரண்டு ஸ்டாப் வாட்சுகள் வாங்கியிருக்கிறேன். ஒன்றே போதும் என்றார் கடைக்காரர். எழுத்தில் இரண்டு சான்று வேண்டும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. இரண்டாவது வாட்சைப் பிடிக்க நமக்கு உறவில்லாத, சங்கத்திலும் இல்லாத ஒருவர் வேண்டும். உங்கள் தெருவில் தபால் கொடுப்பவரிடம் கேட்டு வை. என் கடிதங்களைக் கொடுத்துக் கொடுத்து அவருக்கும் ஓரளவு விஷயம் தெரிந்திருக்கும்.

முதலாவதாக வருகிறவர், இரண்டாவதாக வருகிறவர் என்று நிறுத்திவிட மாட்டேன். கடைசியாக வருகிறவர் வரும்வரை நிற்பேன். அது நீயாக இருந்தாலும் அப்படியே எழுதுவேன். உறவென்று சலுகை கிடையாது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை காலை ஆவணக் காப்பகத்தில் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அங்கே எந்த அலமாரியில் எது தொலையும் என்று எனக்குத் தெரியும். இது தொலையாத அலமாரிக்குப் போகும். அதோடு உன் அக்காவைப் பற்றிய பத்தியும் போகும், என் கையெழுத்தோடு, ‘நான்’ என்ற சொல்லோடு.

பயமாகத்தான் இருக்கிறது. அவர்கள் வந்து சிரித்தால் வாட்சைத் தவறாக அழுத்திவிடுவேனோ என்று வீட்டுக்குள் நடந்து நடந்து அழுத்திப் பார்க்கிறேன். சிரிக்கட்டும். அன்றைக்கும் சிரித்தார்கள்.

ஞாயிறு முதல் பஸ்ஸில் வருகிறேன். எல்லைக் கோட்டில் எனக்கு நாற்காலி போடாதே. வலது கையை வாட்சுக்காகக் காலியாக விட்டுவிடு. கைப்பைகளை எல்லாம் இடது தோளில் மாட்டச் சொல்.

அத்தான்